பாதாமுக்குப் பதில் மாத்திரை போதுமா?

"பாதாமில் இருப்பது வைட்டமின் ஈ தானே? அதையே மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் இதயத்துக்கு ஆகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

ரத்தத்தில் கொழுப்பு தனியே மிதந்து போகாது, எல்டிஎல் ("கெட்ட கொழுப்பு" என்பார்களே, அதுதான்) போன்ற துகள்களில் ஏறித்தான் போகும். அந்தத் துகள் தமனிச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தால், மேக்ரோஃபேஜ் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை விழுங்கி உப்பிப்போகும். படிவு தொடங்குவது அங்கேதான்.

எனக்குப் பிடித்த இடம் அந்தத் துகளின் உள்ளே இருக்கிறது. ஒரு துகளில் சுமார் 2,700 கொழுப்பு அமிலங்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி சட்டென்று கெடும் வகை. ஒரு ஃப்ரீ ரேடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு, வந்து அவற்றில் ஒன்றின் ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதிடம் பறிக்கும். அது அடுத்ததிடம். இத்தனைக்கும் காவலுக்கு இருக்கும் ஆல்ஃபா டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, சராசரியாக ஆறே ஆறு மூலக்கூறுகள்!

ஆறு எப்படிப் போதும்? வேகத்தால்தான். கொழுப்பு அமிலத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக டோகோஃபெரால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிடும். கொடுத்தபின் அதுவும் ரேடிக்கல்தான், ஆனால் தனித்த எலக்ட்ரான் அதன் வளையம் முழுக்கப் பரவிக்கிடப்பதால் சோம்பேறி ரேடிக்கல். துகளுக்கு வெளியே நீரில் இருக்கும் வைட்டமின் சி அதைப் பழைய நிலைக்கு மீட்டுவிடும். மீட்க ஆளில்லாவிட்டால்? அந்தச் சோம்பேறியே மெல்ல ஒரு புதுச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும். ஆய்வகத்தில் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில், இதய நோய் அபாயம் அதிகமுள்ள 9,500-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்குத் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. நாலரை ஆண்டுகள் போயும் மாரடைப்பு குறையவில்லை.

கொட்டைகளின் கதை வேறு. ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில், மத்தியதரைக்கடல் பாணி உணவோடு தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட் கலந்து சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆட்களைக் குழு பிரித்ததில் குளறுபடி இருந்ததால் கட்டுரையைத் திரும்பப் பெற்று, 2018-ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

இதில் ஆன்டிஆக்சிடன்டின், அதாவது வைட்டமின் ஈ போல ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களின், பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கொட்டையின் நிறைவுறாக் கொழுப்பே எல்டிஎல்லைக் குறைக்கிறது. வால்நட் தோலிலுள்ள எலாஜிடானின்கள் என்னும் ஆன்டிஆக்சிடன்ட்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின்கள் என்னும் வேறு பொருள்களாக மாற்றுகின்றன, அதுவும் எல்லார் குடலிலும் நடப்பதில்லை. இத்துறையில் பல ஆய்வுகளுக்குக் கொட்டை வணிக அமைப்புகளே பணம் தருகின்றன. இதற்குப் பொதுப்பணம் வர வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை வாசகருக்கு என் பதில்: மாத்திரை வேண்டாம், ஒவ்வாமை இல்லையென்றால் ஒரு கைப்பிடி கொட்டை, உப்பில்லாமல், தோலோடு.