நரம்பு தளர்ந்த பிறகும் எறிந்த கை

2011ஆம் ஆண்டு, கழுத்து அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அமெரிக்கக் கால்பந்து வீரர் பெய்டன் மேனிங் எறிந்த முதல் பந்து ஏறக்குறைய 5 கெஜம் போய்க் குப்புற விழுந்தது. எதிரே நின்ற பேஸ்பால் வீரர் டாட் ஹெல்டன், நண்பர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். மேனிங்கோ முழு பலத்தோடுதான் எறிந்திருந்தார்.

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை யாருக்கு, எப்போது எறிவது என்று நொடிகளில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அந்த இடத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்காக 1998 முதல் ஒரு லீக் ஆட்டம்கூட விடாமல் களமிறங்கிய மேனிங்கின் கைக்கு என்ன ஆனது?

கோளாறு கையில் இல்லை, கழுத்தில். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கினால், கைக்குப் போகும் நரம்பின் வேர் நசுங்கும். முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசைக்குக் கட்டளை வருவது முக்கியமாக ஏழாவது கழுத்து நரம்பு வழியாக. கட்டளை குறைந்தால், நல்ல தசையும் மெலிந்துபோகும்.

அந்த செப்டம்பரில் இன்னோர் அறுவைச் சிகிச்சையில் இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைத்தார்கள். அழுத்தம் நீங்கினாலும் அறுந்த நரம்பிழை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து விரல்நுனி எவ்வளவு தூரம் என்று பாருங்கள்! எல்லா இழையும் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

விரல்நுனிதான் இங்கே பெரிய விஷயம். ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள அந்தக் கூர்முனைப் பந்தைக் கடைசியாகத் தொட்டு விலகும் விரல்கள்தான் அதைச் சுழற்றிவிடுகின்றன. நல்ல எறிதலில் அது நிமிடத்துக்கு 600 முறை வரை சுழலும். சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் பந்தின் முனையும் திசை மாறாமல் காற்றைக் கிழித்துப் போகும். சுழற்சி குறைந்தால் பந்து தள்ளாடும், காற்று அதைப் பிடித்து இழுக்கும்.

ஆனால் எறிதலின் வேகம் பெரும்பாலும் கையில் பிறப்பதில்லை. கால் தரையை உந்த, இடுப்பு திரும்ப, பின்னாலேயே தோள் சுழல, கடைசியில்தான் கை சாட்டையாக வருகிறது. மேனிங் பிடித்துக்கொண்டது இதைத்தான். டியூக் பல்கலைக்கழகத்தில் தன் பழைய பயிற்சியாளர் டேவிட் கட்கிளிஃபிடம் போய், கால் வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கற்றார். ஆளைப் பார்த்து எறியாமல், அவர் வரப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே எறிந்துவிட்டால் குறைந்த வேகமே போதும். அந்தக் கணிப்பில் அவர் எப்போதுமே கெட்டி.

2012இல் டென்வர் பிராங்கோஸ் அணிக்குப் போனார். 2013இல் 55 டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளி தேடித் தந்த எறிதல்கள்), எறிதலால் அணி முன்னேறிய தூரம் 5,477 கெஜங்கள்: இரண்டுமே ஒரு சீசனுக்கான புதிய சாதனைகள்! விரல்நுனி உணர்வு மட்டும் சரியாகத் திரும்பவில்லை. எறியும் கையில் கையுறை போட்டு ஆடினார். 2015இல் முதுமையும் சேர்ந்து கையைத் தளர்த்தியது. அவர் எறிந்ததில் 9 டச்டவுன் ஆக, 17 எதிரணியிடம் சிக்கின. அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை 2016 பிப்ரவரியில் டென்வர் வென்றது, பெரும்பாலும் தற்காப்பு வீரர்களின் பலத்தில். அடுத்த மாதம் மேனிங் ஓய்வு பெற்றார். அப்போது வயது 39.