பழைய உளவுக்கோள் படங்களை நீங்களும் வாங்கலாம்

பனிப்போர் காலத்தில் சோவியத் ஏவுகணைத் தளங்களை எண்ண அமெரிக்கா எடுத்த ரகசியப் படங்களை இன்று யார் வேண்டுமானாலும் பெறலாம். அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை, ஆய்வாளர் என்ற சான்றும் தேவையில்லை.

இதற்கு வழிவிட்டது 1995 பிப்ரவரி 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட 12951ஆம் எண் ஆணை. கொரோனா, ஆர்கான், லான்யார்ட் என்ற மூன்று உளவுத் திட்டங்களில் 1960 முதல் 1972 வரை எடுத்த 8,60,000க்கும் மேற்பட்ட படங்கள் அதன்மூலம் வெளியே வந்தன. 2002இல் கேஎச்-7 என்ற உளவுக்கோள் வரிசையின் படங்களும், கேஎச்-9 என்ற அடுத்த வரிசையின் வரைபடக் கேமரா எடுத்தவையும் சேர்ந்தன. அப்புறம் கேஎச்-9இன் மற்ற படங்களும் வரத் தொடங்கின.

கொரோனா படங்கள் எல்லாமே பிலிம். படம் பிடித்து முடிந்ததும் சுருள் ஒரு கலத்தில் பூமிக்கு இறங்கும். பாராசூட்டில் தொங்கி வரும் அதைப் பசிபிக் கடலுக்கு மேல் விமானம் கொக்கி போட்டு வானத்திலேயே பிடிக்கும். 1960 ஆகஸ்டில் முதன்முதலாக அப்படிப் பிடித்தார்கள். பிலிம் என்பதால்தான் இன்றும் ஒரு செலவு இருக்கிறது: ஸ்கேன் கூலி.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் 'எர்த் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்குங்கள். வரைபடத்தில் ஊரைக் குறித்து, 'டிக்ளாசிஃபைட் டேட்டா' (ரகசியம் நீக்கிய படங்கள்) என்ற பிரிவில் உள்ள மூன்று தொகுப்புகளிலும் தேடுங்கள். ஏற்கெனவே ஸ்கேன் ஆன படம் என்றால் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஆகாதது என்றால் ஒரு படத்துக்கு 30 டாலர். நீங்கள் பணம் கட்டி ஸ்கேன் ஆனதும் அது எல்லோருக்கும் இலவசமாகிவிடும். நல்ல ஏற்பாடுதான், யாரோ ஒருவர் ஏற்கெனவே கட்டிய காசில் உங்கள் ஊர் கிடைக்கவும் வாய்ப்புண்டு. அதனால் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். வேறு தேதிகளில் எடுத்த படங்களையும் பாருங்கள். முன்னோட்டப் படத்தை முழுதாகத் திறந்து மேகம் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். மேகம் மூடிய படத்துக்கும் அதே 30 டாலர்தான்.

என்ன தெரியும்? ஆரம்பகாலப் படங்களில் சுமார் 12 மீட்டர் அளவுள்ள பொருள்தான் பிடிபடும். 1967 முதல் பறந்த கேஎச்-4பி என்ற கடைசி வகைக் கொரோனா உளவுக்கோளின் படங்களில் அது 1.8 மீட்டர் வரை இறங்கியது. வீடும் வயல் வரப்பும் தெரியும், ஆள் தெரியாது. கொரோனா படத்தின் அடையாள எண்ணில் 'டிஎஃப்' என்றிருந்தால் முன்நோக்கிய கேமரா, 'டிஏ' என்றிருந்தால் பின்நோக்கியது. ஒரே இடத்தின் இரண்டும் கிடைத்தால், இரு கோணங்களை ஒப்பிட்டு மேடு பள்ளத்தையே அளக்கலாம். கேஎச்-9 படங்களை இந்த முறையில் அளந்துதான் இமயமலையின் 650 பனியாறுகள் 40 ஆண்டுகளில் எவ்வளவு கரைந்தன என்று 2019இல் கணக்கிட்டார்கள்.

ஒரு சிரமம் உண்டு. கொரோனா படம் நீண்ட பட்டையாக இருப்பதால் நான்கு துண்டுகளாக வரும். ஓரங்கள் வளைந்திருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை எதுவும் அதில் பொருத்தப்பட்டிருக்காது. க்யூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் இன்றும் மாறாத கோயில், பாலம், சாலைச் சந்திப்பு என்று பார்த்து நீங்களேதான் பொருத்த வேண்டும். சமவெளியில் சீக்கிரம் முடியும், மலைப்பகுதி என்றால் பொறுமை வேண்டும்.

காப்புரிமை கிடையாது. அச்சிடலாம், புத்தகத்தில் போடலாம். படம் எங்கிருந்து வந்தது என்று குறிப்பிடச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.