மனசு ஒன்றவில்லை என்று ஜெபத்தை நிறுத்தாதீர்கள்

லெந்து காலம் (ஈஸ்டருக்கு முன் உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் ஒதுக்கிய நாற்பது நாள்) வந்துவிட்டால் என்னைத் தேடி வரும் ஆண்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். "ஐயா, ஜெபிக்க உட்கார்ந்தா மனசு ஒன்றவே மாட்டேங்குது. அப்படி ஜெபிக்கிறது மாய்மாலம்தானே? அதான் விட்டுட்டேன்." இத்தனை வருட ஊழியத்தில் இதை எத்தனையோ பேரிடம் கேட்டாயிற்று. போன வாரம் ஒருவர் இதே காரணத்தைச் சொல்லி, பாடகர் குழுவிலிருந்தே பெயரை எடுத்துவிடுங்கள் என்றார். இனியும் ஒவ்வொருவரிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்றுதான் எழுதுகிறேன்.

அவர் நிலைமையைக் கேளுங்கள். (ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மில்லில் இரண்டாம் ஷிப்ட். வீடு வந்து சேர ராத்திரி பதினொன்றரை, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டரை. அப்படிப்பட்டவர் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை (அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த அட்டை) கையில் வாங்கிக்கொண்டு, தினமும் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிப்பேன், இந்த வருடமே வேதாகமத்தை முழுக்க வாசிப்பேன் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறார், அதாவது கடவுளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். பொங்கல் வரைகூடத் தாங்கவில்லை. எப்படித் தாங்கும்? அது நின்றுபோனதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த ஒரு மணி நேரம் போனதும், அதுவரை தவறாமல் சொல்லிவந்த பரமண்டல ஜெபத்தையும் விட்டார். அப்புறம் குடும்ப ஜெபத்தில் உட்காருவதை விட்டார். கடைசியில் திருவிருந்துக்கு வருவதையும் விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாலு மணி பற்றி ஒரு வார்த்தை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நாலு மணிக்கு எழுந்தார் என்பதைக் கன்வென்ஷன் மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். உண்மைதான், அறுபது வருடத்துக்கு மேல் அப்படி எழுந்தார். அது எப்படி ஆரம்பித்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவருக்கு ராத்திரி நடுவில் விழிப்பு வந்துகொண்டே இருந்தது. தேவைக்கு அதிகமாகப் படுக்கையில் கிடக்கிறோமோ என்று நினைத்து ஒரு அலாரம் வாங்கினார். ஏழு மணி, ஆறு மணி, ஐந்து மணி என்று முன்னுக்குக் கொண்டுவந்து பார்த்தார். நாலு மணிக்கு எழுந்த பிறகுதான் இடையில் விழிக்காமல் தூங்க முடிந்தது. அதாவது தன் உடம்புக்கு எவ்வளவு தூக்கம் வேண்டும் என்று சோதித்துப் பார்த்து முடிவுசெய்தவர் அவர். பன்னிரண்டரைக்குப் படுக்கிறவர் நாலு மணிக்கு எழுந்தால், மறுநாள் மிஷின் பக்கத்தில் கண் சொக்கும். அதைப் பக்தி என்று யாருக்கும் சொல்லித்தராதீர்கள். ஜெபம் பற்றிப் பேச வருகிறவரிடம் நான் முதலில் கேட்பதே, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், படுக்கும்போது போன் எங்கே இருக்கிறது என்பதைத்தான். பாதிப் பேருடைய ஜெபப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும்.

சரி, மாய்மாலத்துக்கு வருவோம். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் யாரை மாயக்காரர் என்றார்? மனுஷர் காணும்படியாக வீதிச் சந்திகளில் நின்று ஜெபிக்கிறவர்களை. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு, மனசு வறண்டு கிடக்கும்போதும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பிக்கிறீர்கள். அங்கே உங்களைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? யாரை ஏமாற்றுகிறீர்கள்? விருப்பமில்லாத நேரத்திலும் வந்து உட்காருவது கீழ்ப்படிதல். அதற்கு மாய்மாலம் என்று பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தினமும் ராத்திரி போன் பண்ணி, "சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா" என்று அதே இரண்டு கேள்வியைக் கேட்கிற மகனை நடிக்கிறான் என்று சொல்வோமா?

அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னால் உயிரில்லாத ஜெபம் என்கிறீர்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் என்ன செய்தார்? "மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபம்பண்ணினார்" என்று மத்தேயு 26:44 சொல்கிறது. அச்சடித்த ஜெபம் தனக்கு ஒட்டவில்லை என்கிறவர்களும் கேளுங்கள். சிலுவையில் தொங்கும்போது அவர் வாயில் வந்தது சங்கீதம் 22. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" உயிர்விடும்போது வந்தது சங்கீதம் 31. இரண்டும் யூதர் எல்லாரும் அறிந்த, எழுதி வைக்கப்பட்ட ஜெபங்கள். தேவகுமாரனுக்கே அந்த நேரத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட வார்த்தைகள் போதுமாயிருந்தன. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தினமும் புதிதாக, கண்ணீரோடு வர வேண்டுமா? சங்கீதம் 88ஐ எடுத்துப் பாருங்கள். ஆரம்பம் முதல் புலம்பல், முடிவதும் இருளில்தான். அதையும் ஆவியானவர் ஜெபமென்று வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்.

வறட்சி உங்களுக்கு மட்டும் வந்த நோயும் அல்ல. 4ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாகிரியஸ் என்ற துறவி இதை நண்பகல் பிசாசு என்றே எழுதினார். காலை பத்து மணி வாக்கில் பிடித்துக்கொள்ளும், சூரியன் நகராமல் நிற்பதுபோல் இருக்கும், துறவி அடிக்கடி ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பான், வேறு இடத்துக்குப் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றும் என்கிறார். உலகத்தை விட்டு ஓடிப்போனவர்களுக்கே இந்தக் கதி. அவர் சொன்ன ஆலோசனையும் எளிதுதான்: அறையை விட்டு வெளியே போகாதே.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில், ஆதியாகமத்தில் ஆரம்பித்து ஒரே வருடத்தில் முடிக்கும் திட்டத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர் தொடவே வேண்டாம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு வாசிக்க வேண்டும். அந்த வேகத்தில் போனால் ஜனவரி கடைசியில் லேவியராகமத்தில் வந்து நிற்பீர்கள். எங்கள் அனுபவத்தில் பெரும்பாலான வேதாகமங்கள் அங்கேதான் மூடப்படுகின்றன. மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள், 16 அதிகாரம்தான். கூடவே நாளுக்கு ஒரு சங்கீதம். பழகிய பிறகு, ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை) ஜெபப்புத்தகத்தில் 1549 முதல் இருக்கும் முறைக்குப் போகலாம்: 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குப் பிரித்து, காலையும் மாலையும் வாசிப்பது.

நேரம் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஏற்கெனவே நடக்கிற ஏதாவது ஒன்றோடு ஒட்டி இருக்கட்டும். எழுந்து முகம் கழுவினதும், அல்லது ஷிப்டுக்குக் கிளம்பும் முன். வாய் திறந்து, சத்தம் கேட்கும்படி வாசியுங்கள். அச்சடித்த வேதாகமத்தில் வாசியுங்கள், போனில் வேண்டாம். போனில் வசனம் தேடப் போனவர் எங்கே போய் நிற்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் வீட்ல அவ பார்த்துக்குவா" என்கிற அண்ணாச்சிமாரே, தயவுசெய்து கேளுங்கள். சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1529ல் சிறிய ஞானோபதேசத்தை (விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தரும் சிறு நூல்) எழுதியபோது, காலை ஜெபத்தையும் மாலை ஜெபத்தையும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் குடும்பத் தலைவனிடம்தான் கொடுத்தார். உபாகமம் 6ம் அதைத்தான் சொல்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழுந்திருக்கும்போதும். உங்கள் மகன் அப்பா ஜெபிக்கிறதைப் பார்த்திருக்கிறானா என்று அவனையே கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வாராவாரம் ஆள் நிறைகிறது. ஆண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நாற்காலி போடுகிறவரும் செயலாளரும்தான் வருகிறார்கள். ஒரே ஒரு நண்பரையாவது பிடித்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை உண்மையைச் சொல்ல. யாக்கோபு 5:16 கேட்பது அதைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. பீடத்தருகே மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். இரண்டாவது, ஜெபத்தில் மட்டும் அல்லாமல் சாப்பாடு, தூக்கம், வேலை, பிள்ளைகள் எதிலுமே பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறதா? அது ஆவிக்குரிய வறட்சி என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். "விசுவாசம் பத்தல" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என்னிடம் எந்த நிலைமையில் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நிறுத்திவிட்டவர்கள் விட்டுப்போன நாட்களுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒன்றுக்கு மூன்றாக வாசித்து ஈடுகட்டவும் வேண்டாம், புதிய பொருத்தனையும் வேண்டாம். வருகிற ஞாயிறு திருவிருந்துக்கு வாருங்கள். பொது பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து முழங்காலில் நின்று குருவானவரும்தான் சொல்கிறார். மறுநாள் காலை சங்கீதம் 1, ஆறே வசனம். அதிலிருந்து தொடங்குங்கள்.