"புரியுதா?"ன்னு கேக்குறத நிறுத்துங்க: ஆன்லைன்ல புதுசா பாடம் எடுக்க வர்றவங்களுக்கு

நான் ஆன்லைன்ல எக்செல் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் பேட்ச்ல ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஒரு தடவை "புரியுதா?"ன்னு கேப்பேன், உடனே சாட்ல யெஸ், யெஸ்னு வரிசையா வந்து விழும், எனக்கும் சந்தோஷமா இருக்கும், அடுத்த ஸ்லைடுக்கு போயிடுவேன். மூணாவது வாரம் ஒரு சின்ன பயிற்சி குடுத்தேன். பொருளோட விலை எல்லாம் மேலிருந்து கீழா ஒரே காலம்ல, டாக்ஸ் சதவீதம் மட்டும் தனியா இ1 (E1)ங்கற செல்ல, அதாவது ஒரு கட்டத்துல, ரெண்டையும் பெருக்குற ஃபார்முலாவ முதல் வரிசையில எழுதி கீழ வரைக்கும் இழுக்கணும், அவ்வளவுதான். வந்த ஃபைல்ல பாதிக்கு மேல முதல் வரிசை மட்டும் சரி, கீழ எல்லாம் பூஜ்யம். செல் நகராம பிடிச்சு வைக்கிறது டாலர் குறிதான், இ1க்கு அத போட்டு $E$1ன்னு எழுதாததால இழுக்க இழுக்க அது இ2, இ3ன்னு காலி செல்லுக்கு நகர்ந்துட்டே போயிருக்கு. சிலர் ஒவ்வொரு வரியிலயும் கையாலயே நம்பர் டைப் பண்ணி அனுப்பிருந்தாங்க. டாலர் குறி பாடத்துக்கு யெஸ் போட்டது இதே ஆளுங்கதான்.

அவங்க பொய் சொல்லல. நான் செய்யுறத பாக்கும்போது அவங்களுக்கு நெஜமாவே புரிஞ்ச மாதிரிதான் இருந்திருக்கு, ஏன்னா அடுத்தவங்க செய்யுறத பாத்தா எல்லாமே சுலபமாத்தான் தெரியும். நேர்ல கிளாஸ் எடுத்தா ஒருத்தர் பேனா நின்னுடுச்சு, ஒருத்தர் பக்கத்து ஆள் நோட்ட எட்டிப் பாக்குறார், அதுலயே நமக்கு தெரிஞ்சிடும். ஆன்லைன்ல அந்த தடயம் எதுவுமே கிடையாது, கறுப்பு கட்டத்துல பேரு மட்டும்தான் இருக்கும். அதனால புரிஞ்சதா இல்லையான்னு நம்ம கண்ணுக்கு தெரியுற மாதிரி கிளாஸையே மாத்தி அமைக்கணும். புதுசா வர்றவங்க நல்ல கேமரா, அழகான ஸ்லைடுன்னு கவலப்படுறாங்க, நான் சொல்லுவேன் முதல்ல இதுக்கு கவலப்படுங்கன்னு.

இப்பல்லாம் "புரியுதா"ன்னு நான் கேக்குறதே இல்ல. "இந்த ஃபார்முலாவ மூணு வரி கீழ இழுத்தா எந்த செல்ல போய் நிக்கும்? டைப் பண்ணுங்க, ஆனா நான் சொல்ற வரைக்கும் என்டர் தட்டாதீங்க"ன்னு சொல்லிட்டு அமைதியா இருப்பேன், அப்புறம் எண்ணி எல்லாரையும் ஒரே நேரத்துல அனுப்பச் சொல்லுவேன். முதல்ல பதில் போடுற ரெண்டு பேர பாத்து மத்தவங்க காப்பி அடிக்க முடியாது, தப்பா போட்டவருக்கும் தன்ன மாதிரி இன்னும் பத்து பேர் இருக்காங்கன்னு தெரிஞ்சு கூச்சம் போயிடும். எனக்கோ எத்தன பேர் எங்க தடுமாறுறாங்கன்னு முப்பது செகண்ட்ல தெரிஞ்சிடும். தப்பு பதில் நிறைய வந்தா அந்த இடத்த விட்டு நகரவே கூடாது, அன்னைக்கு பாடம் முடியலன்னாலும் பரவால்ல.

அந்த அமைதியா இருக்கறதுதான் கஷ்டம். மேரி பட் ரோவ்ங்கற ஆராய்ச்சியாளர் 1970கள்லயே வகுப்பறைகள கவனிச்சு எழுதினாங்க, டீச்சர்ங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, அத மூணு செகண்டுக்கு மேல நீட்டினாலே பதில் நீளமாகுது, பேசாதவங்களும் பேசுறாங்கன்னு. அது நேர்ல. ஆன்லைன்ல நம்ம குரல் போய்ச் சேர்றதுக்கு கொஞ்சம் நேரம், மைக் ஆன் பண்ண கொஞ்சம் நேரம், ஃபோன்ல டைப் பண்ண இன்னும் கொஞ்சம் நேரம். நான் இருபது செகண்டாவது விடுறேன். ஆரம்பத்துல அந்த இருபது செகண்ட் ரொம்ப நீளமா தெரியும், கேள்வி கேட்டுட்டு ஒரு வாய் தண்ணி குடிங்க.

ஃபோன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒரு பேட்ச்ல ஒருத்தங்க கேமராவும் போடமாட்டாங்க, வாயும் திறக்கமாட்டாங்க, ஆர்வம் இல்லன்னே நெனச்சிட்டேன். அப்புறம் தனியா மெசேஜ் பண்ணி கேட்டா, ஃபோன்லதான் கிளாஸ் பாக்குறாங்க, நான் ஷேர் பண்ற ஸ்க்ரீன்ல ஃபார்முலா எழுத்தே அவங்களுக்கு தெரியல, மூணு வாரமா என் குரல மட்டும் வச்சு கத்துக்கிட்டு இருந்திருக்காங்க. அன்னைக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அதுல இருந்து ஒவ்வொரு கிளாஸுக்கும் என் இன்னொரு ஃபோன்லயும் ஒரு ஸ்டூடண்டா உள்ள வந்து பக்கத்துல வச்சிருக்கேன் (ஸ்பீக்கரும் மைக்கும் ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா எதிரொலிக்கும்). அந்த சின்ன ஸ்க்ரீன்ல எனக்கு படிக்க முடியலன்னா அவங்களுக்கும் முடியாது, உடனே ஜூம் பண்ணிடுவேன்.

கேமரா போடச் சொல்லி கட்டாயப்படுத்துறதையும் விட்டுட்டேன். வீடியோ மீட்டிங் ஏன் இவ்வளவு அசதியா இருக்குன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021ல எழுதுன கட்டுரையில, நாள் முழுக்க நம்ம முகத்த நாமளே பாத்துட்டு இருக்கறதும் ஒரு காரணம்னு சொல்லிருக்கார். முகம் தெரிஞ்சா மட்டும் பாடம் புரிஞ்சதுன்னு ஆகாது, பதில் வந்தா போதும்.

ரெக்கார்ட் பண்ற வீடியோவுக்கு வருவோம். எடெக்ஸ்ங்கற ஆன்லைன் பாடத் தளத்துல 69 லட்சம் தடவ வீடியோ பாத்த கணக்க எடுத்து ஃபிலிப் குவோவும் கூட இருந்தவங்களும் 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் மாணவர்கள் பாக்குற நேரம் சுமார் ஆறு நிமிஷத்த தாண்டல. அதுக்காக ஒரு மணி நேர வீடியோவ கத்தரிக்கோல் வச்ச மாதிரி ஆறு ஆறு நிமிஷமா வெட்டாதீங்க, ஒரு வீடியோவுக்கு ஒரே ஒரு விஷயம்னு முடிவு பண்ணுங்க, நீளம் தானா குறையும். அதே ஆய்வுல எனக்கு ரொம்ப தெம்பு குடுத்தது இன்னொன்னு: பெரிய ஸ்டூடியோல எடுத்தத விட, சாதாரணமா மேஜையில உக்காந்து நேரா பேசின வீடியோதான் ஜனங்கள பிடிச்சு வச்சிருக்கு. அதனால செலவு பண்றதா இருந்தா மைக்குக்கு பண்ணுங்க. படம் மங்கலா இருந்தா பொறுத்துப்பாங்க, குரல் கரகரன்னு இருந்தா மூடிட்டு போயிடுவாங்க. ஸ்லைடுல எழுதினத அப்படியே வாசிக்காதீங்க, அவங்களுக்கும் படிக்கத் தெரியும்.

கிளாஸ் ஆரம்பிக்கறப்ப "போன வாரம் என்ன பாத்தோம்னா"ன்னு நீங்களே சொல்லிடாதீங்க. நோட்ட மூடச் சொல்லி மூணு கேள்வி கேளுங்க. ரோடிகர், கார்பிக்ங்கற ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2006ல செஞ்சு பாத்தாங்க, திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு வச்ச பரீட்சையில நல்லா செஞ்சாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா, பாக்காம ஞாபகப்படுத்தி எழுதிப் பழகினவங்கதான் முன்னாடி. நம்ம கிளாஸும் வாரத்துக்கு ஒரு தடவதானே.

ரெண்டு கிளாஸ் ஒருத்தர் வரலன்னா மூணாவதுக்காக காத்திருக்காதீங்க, ஆன்லைன்ல சொல்லாமலே போயிடுவாங்க. "ஏன் வரல"ன்னு கேட்டா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும், பதிலே வராது. "டாலர் குறி வரைக்கும் வந்திருக்கோம், அந்த ஒரு வீடியோ மட்டும் பாத்துட்டு வாங்க, மிச்சத்த சேந்து பாத்துக்கலாம்"னு எழுதுவேன். எல்லாத்தையும் விட்டுட்டோமேங்கற பயத்துலதான் நிறைய பேர் திரும்பி வர்றதில்ல.

கடைசி மூணு நிமிஷம், "டவுட் இருக்கா"ன்னு கேக்காம, "இன்னைக்கு பாத்ததுல எது இன்னும் குழப்பமா இருக்கு, ஒரு வரி எழுதிட்டு போங்க"ன்னு கேக்குறேன். டவுட் இருக்கான்னா இல்லன்னு சொல்லிடலாம், இதுக்கு ஏதாவது எழுதித்தான் ஆகணும். ராத்திரியே உக்காந்து எல்லாத்தையும் படிச்சிடுவேன். போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார், "டாலர் எங்க போடணும்னு தெரியுது, சில இடத்துல ஏன் ஒரு டாலர் மட்டும் போடுறீங்கன்னு தெரியல." அடுத்த கிளாஸ அந்த வரியில இருந்துதான் ஆரம்பிச்சேன்.