ரோலர் சத்தம் போட்டால் உடனே பேரிங்கைக் கழற்றாதீர்கள்

"பேரிங் போயிடுச்சுண்ணா, மூணு உருளைக்கும் மாத்திடுங்க." இப்படித் தீர்ப்போடுதான் பலர், வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் ரோலரைக் கடையில் இறக்குகிறார்கள். கழற்றிப் பார்த்தால் பேரிங் வழவழவென்று சுற்றும். சத்தம் போடுவது வேறு ஏதாவது. பல நேரம் மேலே நிற்கிற சைக்கிளேதான்.

பின்சக்கரத்துக்கு இரண்டு உருளை, முன்சக்கரத்துக்கு ஒன்று, முன்னதைப் பின்னதோடு இணைக்கும் பெல்ட். ரோலர் என்பது இவ்வளவுதான். ஆனால் உருளைகளைத் தாங்கும் சட்டம் வழியே அதிர்வு ஓடுவதால் முன்னால் எழும் சத்தம் பின்னால் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைவிட எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ரோடு பைக்கின் சக்கரம் நொடிக்குச் சுமார் 4 முறை சுற்றும். 10 செ.மீ. விட்டமுள்ள உருளையோ 26 முறை. நிமிடத்துக்கு 90 மிதி என்றால் பெடல் நொடிக்கு ஒன்றரைச் சுற்று. ஆக, எண்ண முடிகிற 'டக் டக்' உருளை பேரிங்கிலிருந்து வர வாய்ப்பு குறைவு. அது கெட்டால் 'கரகர'வென்று விடாமல் கேட்கும்.

மிதிப்பதை இரண்டு நொடி நிறுத்திப் பாருங்கள். சத்தமும் நின்றால் பெடல், கிராங்க், செயின் பக்கம் போக வேண்டும். ரோலரைத் தொடவே தேவையில்லை.

குழப்புவது சக்கரக் கணக்கில் வரும் சத்தம். ஏனென்றால் பெல்ட்டும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஒரு சுற்று வரும். ஒருவர் டயரை மாற்றி, ஸ்போக்கெல்லாம் முறுக்கி, அப்புறமும் 'டக்' போகவில்லை என்று கொண்டுவந்தார். டயரில் வால்வுக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு, பெல்ட்டில் ஒரு கோடு போட்டேன். சைக்கிளை மேலே நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக உருட்டியதும் தெரிந்துவிட்டது: டயர்க் கோடு எங்கெங்கோ இருக்க, பெல்ட்டின் கோடு ஒரே இடத்துக்கு வரும்போதெல்லாம் 'டக்'. சூடாக்கி ஒட்டிய பெல்ட்டின் இணைப்பில் ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. பிளேடால் நுனியைச் சீவியதும் அடங்கியது. இணைப்பே பிளந்திருந்தால் சீவிப் பயனில்லை, புது பெல்ட்தான்.

டயர்க் கோட்டோடு சத்தம் வந்தால் வால்வு நட்டு ஆடுகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், டயர் எங்காவது வீங்கியிருக்கிறதா என்பது. ரோட்டில் தெரியாத வீக்கம் ரோலரில் 'தடக் தடக்' என்று காட்டிக்கொடுக்கும். உள்நூல் அறுந்த டயர் அது. எங்கேயும் ஓட்டாதீர்கள்.

சரி, உண்மையிலேயே 'கரகர'தான் என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு உருளையையும் தனித்தனியாகச் சுற்றிவிடுங்கள். அச்சு நுனியில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிப் பிடியைக் காதோரம் வைத்தால் எந்தப் பக்க பேரிங் என்பது தெளிவாகக் கேட்கும். என் அனுபவத்தில் முன் உருளைக்குத்தான் முதலில் வரும். முகத்து வியர்வை நேராகச் சொட்டுவது அங்கேதான். உப்புத் தண்ணீர் பட்ட பேரிங் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? ஹேண்டில்பாரில் ஒரு துண்டைப் போட்டாலே பாதி வேலை மிச்சம். மாற்றும்போது ஓரத்தில் உள்ள எண்ணோடு '2RS' (2 ஆர்எஸ்) என்று இருப்பதை வாங்குங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளது.

ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். இரண்டு நாள் சத்தம் குறையும், அதற்குள் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும். உருளையின் மேல் தெறித்தால் இன்னும் மோசம். பிடிமானமில்லாத டயர் பக்கவாட்டில் நழுவும். ரோலரில் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, நீங்கள்தான் விழுவீர்கள்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் சொன்னால் அது கோளாறாகவே இருக்க வேண்டியதில்லை. பட்டன் வைத்த மவுண்டன் பைக் டயர் எந்த ரோலரிலும் இரையத்தான் செய்யும். வழுவழுப்பான டயர் மாட்டி, நான்கு காலும் தரையில் படிகிறதா என்று பார்த்து, அடியில் தடித்த ரப்பர் பாய் விரியுங்கள். வெறும் பாயை மட்டும் வாங்கிப்போட்டுவிட்டு டயரை மாற்றாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.