நெட் போனாலும் வீட்டு நெட்வொர்க் போகாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் லோட் ஷெட்டிங்கை (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை) அனுபவித்தவர்கள் ரவுட்டருக்கென்றே ஒரு சின்ன பேட்டரி வாங்கி வைத்திருப்பார்கள். தெருவில் ஃபைபர் படுத்துவிட்டாலும், ரவுட்டரில் விளக்கு எரிகிற வரை வீட்டுக்குள் இருக்கும் லேப்டாப்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியும். ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எடுத்த காவடி வீடியோவை மாடியிலிருந்து கூடத்துக்கு அனுப்பக்கூட, நெட் எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

ஒன்று விண்டோஸ், ஒன்று மேக், ஒன்று லினக்ஸ், எப்படி ஒத்துப்போகும் என்று பயப்பட வேண்டாம். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி என்ற நெறிமுறை மூன்றுக்குமே தெரியும். 1980களில் ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்ட்டில் வளர்ந்தது அது. லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது சாம்பா என்ற நிரல். கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், கேபிளில் போய்வரும் பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) ஒட்டுக்கேட்டே விதிகளைக் கண்டுபிடித்து 1990களின் தொடக்கத்தில் அதை எழுத ஆரம்பித்தார் (அசாத்தியப் பொறுமை!). ஆப்பிளும் 2013இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்பிலிருந்து எஸ்எம்பி பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்புறம் எங்கே சிக்குகிறது? பெரும்பாலும் பெயரில். ரவுட்டர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 192.168.1.12 மாதிரி ஓர் எண் கொடுக்கிறது, நாமோ பெயரைச் சொல்லித் தேடுகிறோம். அதனால் மேக், "இந்தப் பெயர் யாருடையது?" என்று 224.0.0.251 என்ற பொது முகவரியில் கேட்கும். அந்தப் பெயருக்குரிய கம்ப்யூட்டரே பதில் சொல்லும், லினக்ஸ் என்றால் வழக்கமாக அவாஹி என்ற நிரல் வழியாக. இரண்டில் ஒன்று கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கான தனி வைஃபையில்) இருந்தால் கேள்வியே போய்ச் சேராது. வீட்டு வைஃபையை விண்டோஸ் பொது நெட்வொர்க் என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் அது கதவைத் திறக்காது.

பெயர் தெரியவில்லையா, எண்ணையே தட்டுங்கள். விண்டோஸில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு எண். மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட்-கே அழுத்தி எண். எண்ணுக்குத் திறந்தால் கோளாறு பெயரில். அதற்கும் திறக்காவிட்டால் ஃபயர்வாலில் எஸ்எம்பியின் வாசலான 445ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல் தனித் தலைவலி. விண்டோஸில் தினமும் அடிக்கிற பின் நம்பர் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குத்தான், நெட்வொர்க்கில் செல்லாது, கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். சாம்பாவும் தனக்கென்று ஒரு கடவுச்சொல் பட்டியல் வைத்திருக்கும். லினக்ஸில் பயனர் இருந்தால் மட்டும் போதாது, அங்கேயும் சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் முடியாமல், பழைய எஸ்எம்பி1ஐ இயக்கு என்று யாராவது யோசனை சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான்.