கோவிட்டுக்குப் பின் தீராத அசதி: தனி கிளினிக் எப்படி இருக்க வேண்டும்?

“எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னுதான் சொல்றாங்க. ஆனா நாலு படி ஏறினா மூச்சு வாங்குது.” கோவிட் வந்து போன பிறகு என்னிடம் வருகிறவர்கள் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்குகிறார்கள். கையில் தடித்த ஃபைல் இருக்கும். நுரையீரல், இதயம், நரம்பு, கடைசியாக மனநலம் என்று ஒவ்வொரு மருத்துவரின் சீட்டும் அதில் இருக்கும். முழு ஃபைலையும் படித்துப் பார்த்தவர் மட்டும் யாரும் இருக்க மாட்டார்.

அந்த ஒருவரைத் தருவதுதான் இதற்கென்று தொடங்கும் கிளினிக்கின் முதல் வேலை. புது எந்திரங்கள் பிறகு வரட்டும். முதல் சந்திப்புக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கும் பொதுமருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு மனநல ஆலோசகர், கூப்பிட்டால் வரும் சிறப்பு மருத்துவர்கள். இவ்வளவு போதும், கதவைத் திறந்துவிடலாம்.

யாரைச் சேர்ப்பது? தொற்று தொடங்கி வழக்கமாக 3 மாதம் ஆன நிலையில் இருக்கிற, குறைந்தது 2 மாதம் நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் என்று கோவிட்டுக்குப் பிந்தைய இந்த நிலையை 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ‘வேறு நோயால்’ என்ற இடத்தில்தான் உழைப்பு அதிகம். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, ஸ்டீராய்டு கொடுத்தபோது தலைகாட்டிய சர்க்கரை எல்லாம் இதே அசதியைத் தரும். திடீர் நெஞ்சுவலியோ ஒரு கால் மட்டும் வீங்குவதோ ரத்தக்கட்டாக இருக்கலாம். அவர்களை அவசரப் பிரிவுக்கு உடனே அனுப்ப வேண்டும். பாசிட்டிவ் ரிப்போர்ட் இல்லை, ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வீட்டிலிருந்தே தேறியவர்களுக்கும் இது வருகிறது.

பயனுள்ள சோதனைகள் சில மிக எளியவை. விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, ஒரு நிமிடம் நாற்காலியில் மறுபடி மறுபடி உட்கார்ந்து எழச் சொன்னால் உட்கார்ந்திருந்தபோது தெரியாத ஆக்சிஜன் குறைவு தெரிந்துவிடும். படுக்கவைத்து நாடித்துடிப்பை எண்ணிவிட்டு, 10 நிமிடம் நிற்கவைத்து மறுபடி எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்காமலே துடிப்பு முன்பைவிட நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி அப்படியே நின்றால், நிற்கும்போது வரும் படபடப்புக்குக் காரணம் ‘பயம்’ இல்லை, நாடித்துடிப்பைத் தானாகக் கட்டுப்படுத்தும் தன்னியக்க நரம்புகளின் கோளாறு. இதைச் சொன்னதுமே சிலர் அழுதுவிடுகிறார்கள்.

நாம் நல்லது என்று நினைத்துக் கெடுதல் செய்யும் இடமும் உண்டு. “தினமும் நல்லா நடங்க, சரியாயிடும்” என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. சிலருக்குச் சிறிய வேலை செய்தாலும், அன்றைக்குச் சமாளித்துவிட்டு மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் சுருண்டுவிடும். அப்படிப்பட்டவர்களை வாரத்துக்கு வாரம் அதிகம் நடக்கச் சொன்னால் நிலைமை மோசமாகும். அவர்கள் கற்க வேண்டியது, களைப்பு வருமுன்னே நிறுத்துவதை. அதனால் உடற்பயிற்சிச் சீட்டு எழுதுமுன் “வேலை செய்த மறுநாள் எப்படி இருந்தது?” என்று கேட்பதை பிசியோதெரபிஸ்ட் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

வாசனை இழந்தவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகியவற்றைத் தினம் இருமுறை முகரும் பயிற்சி போதும். பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிளினிக்குக்கு வந்துபோவதே சிலரை இரண்டு நாள் படுக்கையில் தள்ளிவிடுகிறது. ஆகவே மறுபார்வையில் பாதியையாவது போனில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் இடத்தில் படுக்க ஒரு கட்டில் போடுங்கள். வேலைக்குத் திரும்புகிறவருக்கு ‘தகுதி உண்டு, இல்லை’ என்று மட்டும் எழுதாமல், தினம் எத்தனை மணி நேர வேலையில் தொடங்கலாம், எப்போது ஓய்வு தேவை என்று விவரமாக எழுதிக் கொடுங்கள்.